நான்காம் மாடிக்கு மைக்கில் ஒரு மன்னிப்பு

ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். "பயனுள்ளதாக இருக்கட்டும் அக்கா" என்று வேறு சொன்னார்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் யாரும் என்னிடம் பயனுள்ளதாக எதையும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் கேட்கிறார்கள். சரி, இருக்கட்டும்.

நீங்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. "தெருவில் நின்று பிரசங்கம் பண்ணுவது நல்லதா, அல்லது சும்மா நல்லபடியாக வாழ்ந்து காட்டினால் போதுமா?" கடையில் குடிக்க என்ன வேண்டும், தே தாரிக்கா, கோப்பி ஓவா என்று கேட்பதைப் போலக் கேட்கிறீர்கள். நான் இரண்டு வகை ஆட்களோடும் வேலை செய்திருக்கிறேன். "நான் வாழ்ந்து காட்டுகிறேன்" என்பவரின் பக்கத்து வீட்டில் போய் விசாரித்தால், அங்கே யாரோ குடியிருப்பதே தெரியாது என்பார்கள். "நான் முழங்குகிறேன்" என்பவர் வீட்டில் போய் விசாரித்தால், அவர் மனைவி காதில் பஞ்சு வைத்திருப்பார். இரண்டு கூட்டமும் என் பொறுமையை ஒரே அளவில்தான் சோதித்திருக்கின்றன.

ஆகவே பதில் சொல்லாமல் ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். லெட்சுமி, "தாராளமா எழுதுங்கக்கா, ஆனா அதுல என்னைக் கொஞ்சம் ஒல்லியாப் போடுங்க" என்றாள். ஆகவே லெட்சுமி ஒல்லியானவள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு தமிழ்ச் சபையில் பெண்கள் ஊழியம் எனக்கு. வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்ப்பது, புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம் நடத்துவது. எனக்கு முன் அந்த வேலையில் இருந்த அம்மா எனக்குக் கொடுத்த பயிற்சி ஒரு பஸ் பயணத்துக்குள் முடிந்துவிட்டது. "உடைஞ்ச நாற்காலியைக் கொடுத்தாலும் உட்காரு. என்ன கொடுத்தாலும் குடி. ஒரு வீட்டுல கேட்டதை இன்னொரு வீட்டுக்குக் கொண்டு போகாதே." அவ்வளவுதான். இறங்கும் இடம் வந்துவிட்டது என்று இறங்கிப் போய்விட்டார்.

நான் குடியிருந்தது சுங்கை பினாங்கில், ஒரு ஃப்ளாட்டின் இரண்டாம் மாடியில். நான்காம் மாடியில் லெட்சுமி. பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரோனிக் பாக்டரியில் வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். இரண்டு பிள்ளைகள். கணவர் முனியாண்டி வெங்காய லோரி ஓட்டினார். அவர் படியேறிப் போனால் யார் போனார்கள் என்று வாசனையே சொல்லிவிடும். குடிப்பார். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒருநாளும் அவர் வீட்டில் கை நீட்டியதில்லை. நீட்டியிருந்தால் இதை நான் சிரித்துக்கொண்டு எழுதமாட்டேன், வேறு மாதிரிதான் நடந்துகொண்டிருப்பேன். குடித்தால் முனியாண்டி பழைய பாட்டு ஒன்றைப் பாதி பாடுவார், பிறகு தூங்கிவிடுவார். லோரி நிற்கும் இடத்துக்கு மோட்டாரில் போய் வருகிறவர் என்பதால், தலையில் மாட்டிய ஹெல்மட்டைக் கழற்ற மறந்து அதோடேயே தூங்குவார்.

லெட்சுமி ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு சர்ச்சுக்கு வருவாள். ஞானஸ்நானம் பெற்றவள் இல்லை. வீட்டில் சாமி மேடை இருந்தது, விளக்கும் ஏற்றுவாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் பாடிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவாள். முனியாண்டி அதற்குத் தடை சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "போயிட்டு வா. ஆனா என் பேரு அங்க அடிபடக் கூடாது."

நியாயமான நிபந்தனை. எங்கள் சபைகளை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டமான நிபந்தனை என்பதும் தெரியும். மற்ற இடங்களில் வதந்தி என்று ஒன்று உண்டு. எங்களிடம் அது கிடையாது. எங்களிடம் உள்ளதெல்லாம் ஜெபக்குறிப்புதான். யார் வீட்டில் என்ன நடந்தாலும், "ஜெபிச்சுக்குங்க சிஸ்டர், வெளிய சொல்லாதீங்க" என்று ஆரம்பித்துவிட்டால், அதை ஊர் முழுக்கச் சொல்லலாம். பாவம் ஒட்டாது.

ஒரு புதன்கிழமை பெண்கள் கூட்டத்தில், என்றும் வாய் திறக்காத லெட்சுமி வாய் திறந்தாள். வீட்டுக்காரர் குடியை விட வேண்டும், ஹெல்மட்டோடு தூங்கித் தூங்கிக் கழுத்து வலிக்கிறது என்கிறார், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றாள். நாங்கள் ஜெபித்தோம். அந்தக் கூட்டத்தில் தேவசகாயம் பிரதருடைய மனைவியும் இருந்தார். அன்று மாலையே ஜெபக்குறிப்பு பிரதர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

தேவசகாயம் பிரதர் எங்கள் தெருப் பிரசங்கி. வேனின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கி வைத்திருப்பார். அவை எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அவர் சும்மா பேசினாலே கெலுகோர் வரைக்கும் கேட்கும். தங்கமான மனிதர். ஆனால் கையில் மைக் வந்துவிட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஃப்ளாட்டின் கீழே வேனை நிறுத்திக் கூட்டம் போட்டார். நான் பாட்டுப் பாடுவதற்காகப் பின்னால் நின்றேன். கூட்டம் என்றால் வழக்கமான கூட்டம்தான்: கச்சாங் பூத்தே என்ற வறுத்த கடலை விற்கும் அண்ணன், கொஞ்சம் பூனைகள், பந்து விளையாட இடமில்லாமல் எங்களை முறைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள்.

ஆட்கள் வரவில்லை என்றதும் பிரதருக்கு ஆவேசம் வந்துவிட்டது. மேலே நோக்கிக் கையை நீட்டினார்.

"இந்தக் கட்டடத்தில் ஒரு சகோதரன் இருக்கிறார்! சம்பளம் வாங்கியதும் சம்சு சாராயக் கடைக்குப் போகிறார்! வீட்டுக்கு வந்து ஹெல்மட்டைக்கூடக் கழற்றாமல் படுத்துத் தூங்குகிறார்! அவருடைய மனைவி கண்ணீரோடு ஜெபிக்கிறாள்!"

பின்னாலிருந்து அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு அதையே இன்னொரு முறை, இன்னும் சத்தமாகச் சொன்னார்.

முதலில் தரைத்தள வீட்டிலிருந்து சின்னையா அண்ணன் வந்தார். பிறகு படிக்கட்டில் செருப்புச் சத்தம். இன்னும் இரண்டு மூன்று ஆண்கள். எல்லோரும் வேனை நோக்கி வேகமாக வந்தார்கள். பிரதர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய பிரசங்கத்துக்கு அப்படி ஒரு பலன் அதற்கு முன் கிடைத்ததே இல்லை. மனம் திரும்பித்தான் வருகிறார்கள் என்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"யாருயா என்னைப் பத்திச் சொன்னது?" என்றார் சின்னையா.

"உன்னைப் பத்தி இல்ல, என்னைப் பத்தி" என்றார் இன்னொருவர். "எம்பொண்டாட்டிதான் சொல்லியிருப்பா. இன்னைக்கு இருக்கு அவளுக்கு."

"யாரையும் குறிப்பிட்டுச் சொல்லலை பிரதர்" என்று தேவசகாயம் மைக்கிலேயே பதில் சொன்னார். "ஹெல்மட் போட்டுத் தூங்குகிற சகோதரனைத்தான்…"

"ஹெல்மட்டா?" சின்னையா நின்றுவிட்டார். "அப்ப நான் இல்ல லா. எங்கிட்ட மோட்டாரே இல்ல." மற்றவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். தலை தப்பியது என்று வீட்டுக்குப் போனார்களா என்றால் அதுவும் இல்லை. யார் அந்த ஹெல்மட் என்று பார்ப்பதற்காகக் கச்சாங் பூத்தே வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார்கள்.

முனியாண்டி கடைசியாக வந்தார். கைலியும் பனியனுமாக, மெதுவாகப் படியிறங்கி வந்தார். அவருடைய நெற்றியில் ஹெல்மட்டின் தடம் அப்படியே இருந்தது. எல்லோருடைய கண்ணும் அந்த நெற்றிக்குப் போனது. நாலாவது மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற லெட்சுமியை அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. என்னிடம் வந்தார்.

"அக்கா, நான் ஒண்ணுதான் கேட்டேன். என் பேரு அடிபடக் கூடாதுன்னு."

"பேர் சொல்லலையே பிரதர்" என்றார் தேவசகாயம்.

"பேரைத் தவிர எல்லாத்தையும் சொல்லிட்டீங்களே. இனிமே அவ அங்க வரமாட்டா." சொல்லிவிட்டு வந்த மாதிரியே மெதுவாக ஏறிப் போனார்.

சொன்னபடியே செய்தார். அடுத்த ஞாயிறு லெட்சுமி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். ஒருநாள் பாக்டரி பஸ்ஸுக்காகக் கீழே நின்றிருந்தபோது, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்தாள்.

"அவர் மேல எனக்குக் கோபம் இல்லக்கா. லோரி யார்டுல எல்லாரும் ஹெல்மட்டு ஹெல்மட்டுன்னு கூப்பிடுறாங்களாம். சாப்பிடக்கூட மாட்டேங்கறாரு. ஆனா எனக்குன்னு இருந்தது அந்த ஞாயித்துக்கிழமை காலைதான். அங்க யாரும் எங்கிட்ட சோறு கேக்க மாட்டாங்க, ஓவர்டைம் பண்ணச் சொல்ல மாட்டாங்க. சும்மா உக்காந்திருப்பேன். ஏதாச்சும் பண்ணுங்கக்கா."

பஸ் வந்துவிட்டது. நான்கு பேருக்கு முன் வாய் திறக்கவே கூச்சப்படுகிற ஒரு பெண், முதல் தடவை வாய் திறந்ததற்குக் கிடைத்த கூலியைப் பாருங்கள்.

முனியாண்டியைப் பார்க்க நான்காம் மாடிக்கு ஏறினேன். கையில் வேதத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. கேசரி கிளறிக்கொண்டும் போகவில்லை. மன்னிப்புக் கேட்கப் போகிறவள் சீர்வரிசையோடு போகக் கூடாது. கதவைத் திறந்தார், உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். "தப்பு எங்க பேர்லதான் அண்ணே. மன்னிச்சுக்குங்க."

கேட்டுக்கொண்டார்.

"அக்கா, நீங்க இங்க வந்து காதோட காதாச் சொல்றீங்க. அன்னைக்கு மைக்குல சொன்னாங்க. மைக்குல போட்டதை மைக்குலதான் எடுக்கணும். அதே இடத்துல, அதே சத்தத்துல. முனியாண்டி குடிக்கிறவன் இல்லன்னு சொல்லணும். சொன்னா அவ வரலாம்."

தம்பிகளே, அந்த மனிதர் பள்ளிக்கூடத்தில் எத்தனை வருடம் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கேட்டது நியாயம்.

சபைக் கமிட்டிக்குக் கொண்டு போனேன். எங்கள் பாஸ்டர் நல்லவர். எந்தப் பிரச்சினை வந்தாலும் "ஜெபித்துப் பார்ப்போம்" என்பார். பிரச்சினை அலுத்துப்போய்த் தானே எழுந்து போகும்வரை ஜெபிப்பார். அன்றும் அதையே சொன்னார். கமிட்டி செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மைக்கில் மன்னிப்பா சிஸ்டர்? சபைக்கு ஒரு மரியாதை இருக்கிறது. இன்றைக்கு இவருக்குக் கேட்டால் நாளைக்கு ஊரே வரிசையில் நிற்கும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வருவது அபூர்வம் என்று சொல்ல ஆசைதான். என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படிக்கக்கூடும். "பாவத்தை அறிக்கை பண்ணுங்கன்னு அவங்களுக்கு மட்டும் மைக்குல சொல்லலாம், நாம பண்ணும்போது மட்டும் குசுகுசுன்னா?" என்றேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த தேவசகாயம் பிரதர் எழுந்தார். கண் கலங்கியிருந்தது. அன்றுதான் அவர் தாழ்ந்த குரலில் பேசி நான் முதல் தடவை கேட்டேன். "நான்தான் சொன்னேன். நானே போய்ச் சொல்லுறேன். ஆனா அவர் குடிக்கிறவர் இல்லன்னு சொல்லச் சொன்னா மட்டும் முடியாது. பொய்யை எப்படி மைக்குல சொல்றது?"

இரண்டு பக்கமும் போய் வந்து பேசியதில், "நாங்கள் அன்று சொன்னது தவறு" என்று மட்டும் சொன்னால் போதும் என்று முனியாண்டி இறங்கி வந்தார். அடுத்து போலீஸ் பெர்மிட். மைக் போட வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டும். பள்ளிவாசலின் மாலைத் தொழுகைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. ஸ்டேஷனில் இருந்த சார்ஜன் எங்களுக்குப் பழக்கமானவர். எதற்காகக் கூட்டம் என்று மலாயில் கேட்டார். "மிந்தா மாஃப்" என்றோம். எங்களிடம் ஏன் மன்னிப்புக் கேட்கிறீர்கள், நீங்கள் என்ன தப்புச் செய்தீர்கள் என்றார். இல்லை, கூட்டமே மன்னிப்புக் கேட்பதற்குத்தான் என்று விளக்கினோம். பேனாவை மேசையில் வைத்தார். என் சர்வீஸில் சண்டை போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மன்னிப்புக் கேட்க பெர்மிட் வாங்க வந்தவர்களைப் பார்த்ததில்லை என்றார். கையெழுத்துப் போடும்போது, முடிந்தால் தானும் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஃப்ளாட்டில் கூடிய கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எத்தனையோ வருடம் நல்ல செய்தி சொல்லிச் சேராத ஜனம், நாங்கள் மன்னிப்புக் கேட்கிறோம் என்றதும் சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு மாடிக் கம்பியிலும் தலைகள். பக்கத்துக் கட்டடத்திலிருந்து நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தார்கள். சார்ஜன் வந்திருந்தார். கச்சாங் பூத்தே அண்ணன் தலைச்சுமையை வைத்துவிட்டு விற்க ஆரம்பித்தவர் நிமிரவே இல்லை. "மாசம் ஒரு தடவை மன்னிப்புக் கேளுங்கக்கா, யாவாரம் நல்லாப் போகுது" என்று என்னிடம் சொன்னார்.

முனியாண்டி வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வாரிக்கொண்டு, கையைக் கட்டியபடி வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வார்த்தை மாறிவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக.

தேவசகாயம் மைக்கை எடுத்தார். "அன்பானவர்களே. போன மாதம் இந்த இடத்தில் நின்று நான்காம் மாடி முனியாண்டி அண்ணனைப் பற்றி நாங்கள் சொன்னது தவறு."

மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "எது தவறு? ஹெல்மட்டா, குடியா?"

கட்டடமே குலுங்கிச் சிரித்தது. பிள்ளைகள் "ஹெல்மட்! ஹெல்மட்!" என்று கத்தினார்கள். அதுவரை பெயர் தெரியாமல் இருந்த பக்கத்துக் கட்டடத்துக்காரர்களுக்கும் இப்போது பெயரும் மாடியும் தெரிந்துவிட்டன. முனியாண்டியின் முகம் கறுத்துப்போனது. கட்டிய கை அவிழ்ந்து தொங்கியது. ஒன்றும் தோன்றாதபோது மனிதன் பழக்கத்துக்குத்தானே போவான்? "பிரியமானவர்களே, மனிதனுடைய இருதயம்…" என்று தேவசகாயம் பிரசங்கத்தை ஆரம்பித்தார்.

அன்று நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். மேலே நாலாவது மாடியில் லெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். அவ்வளவுதான். தேவசகாயத்தின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். அதற்கு முன் நான் மைக்கில் பாடியிருக்கிறேனே தவிரப் பேசியதில்லை. அது கீச்சென்று ஒரு கத்துக் கத்தியது, பூனைகள் எல்லாம் ஓடிவிட்டன, கூட்டம் அமைதியானது.

"யார் சிரிச்சது?" என்றேன். "சிரிச்சவங்க வீட்டுல நடக்கறதையெல்லாம் நான் சொல்லட்டுமா? ரெண்டாம் மாடியில இருக்கேன். எல்லாம் கேக்கும் எனக்கு."

கம்பியில் இருந்த சில தலைகள் உள்ளே போய்விட்டன.

"சொல்ல மாட்டேன். ஏன்னா அது எங்க வேலை இல்ல. ஒருத்தர் வீட்டுக்குள்ள குடிக்கிறாரா, தூங்குறாரா, அதை ரோட்டுல கொண்டாந்து வச்சது எங்க தப்பு. அதுக்குத்தான் மன்னிப்பு. அண்ணே, மன்னிச்சுக்குங்க. குடிக்கிறாரா இல்லையான்னு நான் சொல்லப் போறதில்ல. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். போன வருஷம் பம்ப் கெட்டு மேல தண்ணி ஏறாதப்ப, நாலாம் மாடி மூலை வீட்டுச் சீன அம்மாவுக்கு யார் வாளி வாளியாத் தூக்கிக் கொடுத்தது? நானா? சர்ச்சா? இவர். எனக்கு டெங்கி காய்ச்சல் வந்து எழுந்திரிக்க முடியாமக் கிடந்தப்ப, வெங்காய மூட்டைக்கு நடுவுல என்னை உக்கார வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது யாரு? இவர். மறுநாள் வேலைக்கு லேட்டாகி முதலாளிகிட்டத் திட்டு வாங்கினதை எங்கிட்ட சொல்லக்கூட இல்ல. லெட்சுமி சொல்லித்தான் தெரியும். எங்க சர்ச்சு ஜனங்க அன்னைக்கு எனக்காக ஜெபிச்சாங்க, நான் குறை சொல்லல. ஆனா லோரி கொண்டாந்தது இவர்தான். இந்த வேனு மேல நின்னு நாங்க மத்தவங்களுக்கு எதைச் செய்யுங்கன்னு கத்துறோமோ, அதை இவர் சத்தமில்லாமச் செஞ்சுக்கிட்டு இருந்திருக்காரு. இவரைத்தான் நாங்க மைக்குல அவமானப்படுத்தினோம். எனக்கு வெக்கமா இருக்கு."

அழுதுவிடுவேனோ என்று பயந்து மைக்கைத் தேவசகாயத்தின் வயிற்றில் வைத்து அழுத்தினேன்.

அப்போது நான்காம் மாடி மூலையிலிருந்து அந்தச் சீன அம்மா கத்தினார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. யாரோ பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டும். "முனியாண்டி பாய்க்! பாய்க் ஓராங்!" நல்லவன், நல்ல மனுஷன் என்று மலாயில், தன்னால் முடிந்த மட்டும் கத்தினார். யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். மூன்றாம் மாடிக் குரலும் தட்டியது; நான் பார்த்தேன்.

சின்னையா அண்ணன் சும்மா இருப்பாரா? வேனிடம் வந்துவிட்டார். "அக்கா, என்னையும்தான் அன்னைக்குச் சந்தேகப்பட வச்சிட்டீங்க. என்னைப் பத்தியும் நல்லதா ஒண்ணு சொல்லுங்க."

நான் யோசித்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. "சின்னையா அண்ணன் சீட்டாட்டத்துல ஏமாத்த மாட்டாரு" என்றேன்.

"யார் சொன்னது?" என்று அவருடைய வீட்டு ஜன்னலிலிருந்தே குரல் வந்தது. சார்ஜன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். கூட்டத்தை முடித்தோம்.

இதற்குள் முனியாண்டி போய்விட்டார். முதுகைத்தான் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க நான்காம் மாடியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நல்லது செய்யப் போய் அவரை இரண்டாம் தடவையாக ஊருக்கு முன்னால் நிறுத்திவிட்டோமோ என்று மனம் அடித்துக்கொண்டது. செயலாளர் வேறு, "நான் அப்போதே சொன்னேன்" என்ற முகத்தோடு என்னைக் கடந்து போனார். அந்த முகத்தைத் தாங்குவதற்கும் ஊழியத்தில் கிருபை வேண்டும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முனியாண்டி ஞானஸ்நானம் பெற்றாரா என்று கேட்பீர்கள். அறிக்கையில் எழுத எண்ணிக்கை வேண்டுமே உங்களுக்கு. இல்லை. அடுத்த தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுத்துப் போனார். லெட்சுமி பல வருடம் கழித்துத் தானாக வந்து கேட்டு ஞானஸ்நானம் பெற்றாள்; அது அவள் கதை, அவள்தான் சொல்ல வேண்டும். தேவசகாயம் பிரதர் கடைசி வரை தெருவில் பிரசங்கம் பண்ணினார். பண்ணட்டும் என்றுதான் நானும் சொன்னேன். ஆனால் எந்தக் கட்டடத்துக்குக் கீழே வேனை நிறுத்தினாலும், முதலில் இறங்கி அங்கே குடியிருப்பவர்களோடு உட்கார்ந்து ஒரு கோப்பி குடித்துவிட்டுத்தான் மைக்கைத் தொட்டார். மைக்கோடு எனக்குப் பகை கிடையாது. அதைப் பிடித்திருக்கிறவருக்கு எதிரில் நிற்பவரின் பெயராவது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

அந்த வாரம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை. எனக்கு மனமே சரியில்லை. தலைகூட வாராமல், பழைய கைலியோடு அடுப்படியில் நின்று, இன்றைக்குச் சர்ச்சுக்குப் போகாவிட்டால் என்ன, தலைவலி என்று சொல்லிவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சபையில் சம்பளம் வாங்குகிறவள் நான். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

லெட்சுமி நின்றாள். சேலை கட்டி, பூ வைத்திருந்தாள்.

"அவர் போகச் சொல்லிட்டாருக்கா" என்றாள். "அன்னைக்கு மேல வந்து சட்டையைக் கழட்டி மாட்டினாரு. அப்புறம், 'அந்தக்கா சொன்னது என்னைப் பத்தித்தானா'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். 'நான் செஞ்சதையெல்லாம் யாரும் பார்க்கலைன்னு நினைச்சேன்'னு சொல்லி அழுதிட்டாரு. அப்புறம் சந்தோஷத்துல அன்னைக்குக் கொஞ்சம் கூடவே குடிச்சிட்டாரு."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். இருவரும் வாசலில் நின்று அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தோம். மேலே நாலாவது மாடிக் கம்பியிலிருந்து ஒரு குரல் அதட்டியது.

"இன்னும் கிளம்பலையா அக்கா? என்னா லா நீங்க, பஸ் போயிடும்! சாமி கும்பிடப் போறதுக்கா இவ்வளவு லேட்டு?"

என் ஊழியக் காலம் முழுவதிலும் என்னைச் சர்ச்சுக்குப் போ என்று விரட்டிய ஒரே மனிதர் அவர்தான். ஓடிப்போய்க் கைலியை மாற்றிச் சேலை கட்டினேன்.